டாப் 5 பாயின்ட் கார்டுகள்: ஸ்கோர் ஷீட்டில் கட்டம் இல்லாதவர்கள்

மேட்ச் முடிந்து வீட்டுக்குப் போனால் இரண்டு கேள்வி வரும். முதல் கேள்வி, "ஜெயிச்சீங்களா?" இரண்டாவது, "நீ எத்தனை பாயின்ட் போட்ட?" முதல் கேள்விக்கு "ஆமா"ன்னு சொன்னதும் வர்ற சந்தோஷம், இரண்டாவதுக்கு "நாலு"ன்னு சொன்னதும் பாதியாகிவிடும். "பரவால்லம்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் வேறு. நாலு வருஷமா எங்க காலேஜ் பெண்கள் பாஸ்கெட்பால் டீமில் நான் பாயின்ட் கார்ட். நாலு பாயின்ட் போட்டுட்டு சந்தோஷமா வீட்டுக்கு வரக்கூடிய ஒரே இடம் அதுதான். ஆனா இதை விளக்கி முடிக்கறதுக்குள்ள காபி ஆறிடும்.

அதனால இங்கே விளக்கிடறேன். கோர்ட்டில் ஐந்து பேர். அதில் பந்தை எதிர் பக்கத்துக்குக் கொண்டு போய், எந்த ஆட்டம் ஆடப்போறோம்னு விரலைக் காட்டிச் சொல்லி, யார் ஃப்ரீயா இருக்காங்கன்னு பார்த்து, சரியான நேரத்தில் சரியான கைக்குப் பந்தைக் கொடுக்கறவங்க பாயின்ட் கார்ட். வாலிபால் பார்க்கறவங்களுக்கு செட்டர் தெரியும். செட்டர் தூக்கிக் கொடுப்பார், இன்னொருத்தர் அடிப்பார், கைதட்டல் அடிச்சவருக்குப் போகும். இங்கேயும் அதேதான்.

இந்த வேலைக்கு பாஸ்கெட்பாலில் இருக்கற ஒரே கணக்கு அசிஸ்ட். நான் கொடுத்த பந்தை வாங்கினவங்க உடனே கூடையில் போட்டால் எனக்கு ஒரு அசிஸ்ட். அவங்க போட்டு அது ரிம்மில் பட்டு வெளியே வந்துட்டா ஒண்ணுமே இல்லை. அதே பாஸ், அதே வேகம், ஆனா கணக்கில் பூஜ்யம். அசிஸ்ட் நம்ம கையில் முழுசா இல்லாத ஒரு நம்பர். குரூப் ப்ராஜெக்ட் மார்க் மாதிரி.

இப்போ லிஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். எங்க காலேஜ் வரலாற்றிலேயே சிறந்த பாயின்ட் கார்டுகள் யார் யார்னு வரிசைப்படுத்தி எழுதணும்னுதான் முதலில் நினைச்சேன். அதுக்காக பி.டி. சார் ரூம் பீரோவை மூணு நாள் குடைஞ்சேன். கப் இருக்கு, குரூப் போட்டோ இருக்கு, ஜோனல் மேட்ச் ஸ்கோர் ஷீட் கட்டுக் கட்டா இருக்கு. ஸ்கோர் ஷீட்டில் யார் எத்தனை பாயின்ட் போட்டாங்க, எத்தனை ஃபவுல், எப்போ டைம் அவுட் எல்லாம் இருக்கு. அசிஸ்டுக்கு மட்டும் கட்டமே இல்லை. இது எங்க காலேஜ் குறை இல்லை. உலகம் முழுக்கப் பயன்படுத்தற ஃபிபா ஸ்கோர் ஷீட்டே அப்படித்தான். அசிஸ்ட், ரீபவுண்ட் எல்லாம் தனியா ஒருத்தர் உட்கார்ந்து எண்ணணும். நம்ம ஊர் காலேஜ் மேட்ச்சில் அப்படி எண்ண யார் உட்காரப்போறாங்க?

எனக்கு முன்னாடி பாயின்ட் ஆடின அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. பாஸ் வாங்கறவங்க வலது கைக்காரங்களா இடது கைக்காரங்களான்னு பார்த்து அந்தக் கைக்கே பந்து கொடுப்பாங்க. எங்க சென்டர் தொடர்ந்து மூணு லே-அப் விட்டப்போ, நாலாவது பந்தையும் அவளுக்கே கொடுத்தாங்க. அது உள்ளே போச்சு. அதுக்கப்புறம் அந்த மேட்ச்சில் அவளை யாராலும் தடுக்க முடியலை. அந்த ஸ்கோர் ஷீட்டை பீரோவில் தேடி எடுத்துப் பார்த்தேன். அக்கா பேருக்கு நேரா 2 பாயின்ட், 3 ஃபவுல். பத்து வருஷம் கழிச்சு அதைப் பார்க்கறவங்க, "யாரிது, சும்மா நின்னுட்டு வந்திருக்காங்க போல" என்றுதான் நினைப்பாங்க.

அதனால எங்க காலேஜ் லிஸ்டை எழுத முடியலை. அதுக்குப் பதிலா, யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு அசிஸ்டையும் எண்ணி வைச்சிருக்கற ஒரு காலேஜை எடுத்துக்கிட்டேன். அமெரிக்காவில் ஸ்டோர்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் கனெக்டிகட் பல்கலைக்கழகம். சுருக்கமா யூகான். அவங்க பெண்கள் டீமுக்கு 1985-ல் கோச்சாக வந்த ஜீனோ ஆரியெம்மா, இத்தாலியில் பிறந்து ஏழு வயசில் அமெரிக்கா போனவர். 1995-ல் முதல் தேசியப் பட்டம். 2025-ல் பன்னிரண்டாவது. நான் பாயின்ட் கார்ட் வேலையைப் பாதிக்கு மேல் கத்துக்கிட்டது அவங்க மேட்ச் வீடியோக்களைப் பார்த்துத்தான்.

விதி மூணு. ஒண்ணு, காலேஜில் ஆடினது மட்டும்தான் கணக்கு. அதுக்கப்புறம் ப்ரொஃபஷனல் லீகில் என்ன சாதிச்சாங்கங்கறது போனஸ் தகவல். இரண்டு, போட்ட பாயின்டை விட, மத்த நாலு பேரை என்ன ஆக்கினாங்கங்கறதுதான் முக்கியம். மூணு, டயானா டராசி இந்த லிஸ்டில் கிடையாது. கடைசி வருஷங்களில் அவர் பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தினார், உண்மைதான். ஆனா அவரை எந்த இடத்திலும் அடைக்க முடியாது. அவருக்குத் தனி லிஸ்ட் வேணும்.

முதலில் ஒரு எச்சரிக்கை: நிகா மூல்

அசிஸ்ட் எண்ணிக்கையை மட்டும் வைச்சு வரிசைப்படுத்தினா நம்பர் ஒன் இவர்தான். குரோஷியாவின் ஸாக்ரெப் நகரத்துப் பொண்ணு. யூகானில் பல வருஷமா இருந்த 659 அசிஸ்ட் ரெக்கார்டை 2024-ல் தாண்டினார். அதே வருஷம் அரையிறுதியில் அயோவா டீமின் கெய்ட்லின் கிளார்க்கைத் தடுக்கற வேலையும் இவருக்குத்தான். அந்த சீசனில் மேட்ச்சுக்கு 31 பாயின்டுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்த கிளார்க், அன்னிக்கு 21-ல் நின்றார். ஆனாலும் யூகான் 71-69 என்று தோத்தது.

இவரை ஏன் ஐந்துக்குள் வைக்கலை? அசிஸ்டே எண்ணாம விட்டா பாயின்ட் கார்டைக் காணாம போக்கிடுவோம். அசிஸ்டை மட்டுமே எண்ணினா வேற மாதிரி தப்பாப் புரிஞ்சுக்குவோம். நிகா நல்ல பாஸர், அதைவிட நல்ல டிஃபென்டர். ஆனா இவர் ஷாட் எடுக்கமாட்டார்னு எதிர் டீம் துணிஞ்சு தள்ளி நிக்கும். அப்போ மத்த நாலு பேருக்கும் இடம் குறையும். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் வலிக்குது. எனக்கும் அப்படித்தான் தள்ளி நிப்பாங்க.

5. ரெனே மாண்ட்கமரி

2009-ல் இவர் கடைசி வருஷம். யூகான் 39 மேட்ச் ஆடி 39-லும் ஜெயிச்சது. அதுவும் ஒவ்வொண்ணும் பத்து பாயின்ட் அல்லது அதுக்கு மேல் வித்தியாசத்தில். அந்த டீமில் மாயா மூர், டினா சார்ல்ஸ் என்று இரண்டு மலைகள். இரண்டு பேருமே பந்து கேட்பாங்க, இரண்டு பேருமே கேட்கத் தகுதி உள்ளவங்க. ஒரு பந்தை இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் சண்டை வராம பங்கு போடறது என்ன கஷ்டம்னு எந்த ஹாஸ்டல் ரூமிலும் கேட்டுப் பாருங்க. மாண்ட்கமரி தானும் பாயின்ட் போட்டுக்கொண்டே அதைச் செய்தார். போனஸ் தகவல்: 2021-ல் அட்லான்டா ட்ரீம் என்ற ப்ரொஃபஷனல் டீமை வாங்கின குழுவில் இவரும் ஒருவர். தான் ஆடின டீமுக்கே முதலாளி.

4. பேஜ் பெக்கர்ஸ்

இதுக்கு ஜூனியர்ஸ் என்னை அடிக்க வருவாங்கன்னு தெரியும். முதல் வருஷத்திலேயே, 2021-ல், நாட்டின் சிறந்த வீராங்கனை விருதை வாங்கினார். பெண்கள் காலேஜ் பாஸ்கெட்பாலில் முதல் வருஷ மாணவி யாரும் அதுக்கு முன்னாடி வாங்கினதில்லை. இரண்டாம் வருஷம் முழங்கால் எலும்பு முறிவு. அது சரியாகி வந்தா, 2022 ஆகஸ்டில் அதே காலில் தசைநார் கிழிஞ்சு ஒரு முழு சீசன் போச்சு. திரும்பி வந்தார். 2025 ஏப்ரலில் நடந்த இறுதிப் போட்டியை நம்ம ஊர் நேரத்துக்கு நடுராத்திரி தாண்டி ஹாஸ்டலில் ஒரு லேப்டாப் முன்னாடி ஏழு பேர் பார்த்தோம். சவுத் கரோலினாவை 82-59 என்று அடிச்சு நொறுக்கினாங்க.

அந்த மேட்ச்சில் அதிக பாயின்ட் போட்டது பேஜ் இல்லை. ஆஸி ஃபட் 24, முதல் வருஷப் பொண்ணு சாரா ஸ்ட்ராங் 24, பேஜ் 17. ஐந்து வருஷமா காத்திருந்த பட்டத்தை ஜெயிக்கற மேட்ச்சில், "இன்னிக்கு நான்தான்" என்று அவர் இறங்கலை. அதனாலதான் அவரை எனக்குப் பிடிக்கும். பின்னே ஏன் நாலாவது இடம்? கடைசி வருஷங்களில் அவர் பாதி நேரம் பாயின்டாக ஆடவே இல்லை. வேற பொண்ணுங்க பந்தைக் கொண்டு வந்தாங்க, இவர் வேற வேற இடத்திலிருந்து ஆடினார். சிறந்த வீராங்கனைகள் லிஸ்ட் என்றால் இன்னும் மேலே. இது பாயின்ட் கார்ட் லிஸ்ட்.

3. மொரையா ஜெஃபர்சன்

நாலு வருஷம், நாலு தேசியப் பட்டம். 2013, 14, 15, 16. மொத்தம் 151 வெற்றி, 5 தோல்வி. நான் மேலே சொன்ன 659 அசிஸ்ட் ரெக்கார்ட் இவருடையதுதான். டெக்சாஸ் பொண்ணு, ஸ்கூலுக்கே போகாம வீட்டில் படிச்சவர். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். இவ்வளவு இருந்தும் உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்? அந்த நாலு வருஷமும் இவர் பக்கத்தில் ப்ரியானா ஸ்டூவர்ட் ஆடினார். நாலு வருஷமும் இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை விருது ஸ்டூவர்ட்டுக்கே போச்சு. 2016 ட்ராஃப்டில் முதல் ஆள் ஸ்டூவர்ட், இரண்டாவது ஜெஃபர்சன், மூணாவதும் யூகான்தான், மார்கன் டக். ஒரே காலேஜிலிருந்து முதல் மூணு இடம் போனது அதுதான் முதல் முறை.

ஜெஃபர்சனின் வேகத்தை வீடியோவில் பார்த்தால் முதலில் பந்து தெரியாது. எதிரி கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறிக்கறதிலும் யூகான் ரெக்கார்ட் வைச்சவர். ஸ்டூவர்ட் சுலபமா போட்ட பல பாயின்டுகள், ஜெஃபர்சன் அந்தப் பக்கம் பறிச்சுக்கிட்டு ஓடி வந்த பந்துகள்தான்.

2. ஜெனிஃபர் ரிசோட்டி

நம்பர் பார்த்தா இவர் ஜெஃபர்சனுக்குக் கீழேதான் வரணும். ஒரே ஒரு பட்டம். ஆனா அது முதல் பட்டம். இவர் 1992-ல் சேரும்போது யூகான் பட்டமே வாங்காத டீம். 1995-ல் 35 மேட்ச், தோல்வியே இல்லை. இறுதிப் போட்டி, எதிரில் டென்னசி. முதல் பாதியில் நட்சத்திர வீராங்கனை ரெபெக்கா லோபோ ஃபவுல் பிரச்சினையில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லாதப்போ ஸ்கோர் 61-61. டென்னசி விட்ட பந்தை ரிசோட்டி தானே பிடிச்சு, முழு கோர்ட்டையும் ஓடி, எதிரில் வந்தவரை ஒரு க்ராஸ்ஓவரில் ஏமாத்திட்டு லே-அப் போட்டார். யூகான் 70-64 என்று ஜெயிச்சது.

நாலு பட்டத்துக்கு மேல் ஒரு பட்டத்தை ஏன் வைச்சேன்? ஜெஃபர்சன் உள்ளே வந்தப்போ சுவரில் ஏழு பட்டக் கொடிகள் ஏற்கெனவே தொங்கின. "நம்மால முடியும்" என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிசோட்டி காலத்தில் சுவர் காலி. காலி சுவரைப் பார்த்துக்கொண்டு நாலு பேரை நம்ப வைக்கறதும் பாயின்ட் கார்ட் வேலைதான். அதுக்கு அசிஸ்ட் கணக்கு கிடையாது.

1. சூ பேர்ட்

இதில் சஸ்பென்ஸ் இல்லை. அசிஸ்ட் எண்ணிக்கையில் மூலுக்கும் ஜெஃபர்சனுக்கும் கீழே. முதல் வருஷம் எட்டே மேட்ச்சில் முழங்கால் தசைநார் கிழிஞ்சு உட்கார்ந்துட்டார். மீதி மூணு வருஷத்தில் இரண்டு பட்டம். 2001-ல் நோட்ரடாமுக்கு எதிரா பந்தைக் கோர்ட் முழுக்கக் கொண்டு போய், மணி அடிக்கற நொடியில் போட்டு 78-76 என்று ஜெயிச்ச ஷாட்டை இன்னமும் பார்த்துக்கிட்டே இருக்காங்க.

ஆனா என் காரணம் 2002 டீம். சூ பேர்ட், டயானா டராசி, ஸ்வின் கேஷ், ஆஷா ஜோன்ஸ், தமிக்கா வில்லியம்ஸ். 39-0. அந்த வருஷ ட்ராஃப்டில் முதல் ஆறு இடத்தில் நாலு பேர் இந்த ஐந்திலிருந்து போனாங்க. ஐந்தாவது ஆள் டராசிக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது, அவ்வளவுதான். ஐந்து பேருமே வேற எந்த காலேஜில் இருந்தாலும் அந்த டீமின் ராணியா இருந்திருப்பாங்க. அப்படி ஐந்து பேர் ஒரே கோர்ட்டில் நின்னா பொதுவா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அங்கே அது நடக்கலை. பேர்ட் கையில் பந்து இருக்கறப்போ மத்த நாலு பேர் கால் நிக்கவே நிக்காது. நமக்கு வரும்னு நாலு பேருக்கும் தெரியும், அதனால ஓடிக்கிட்டே இருப்பாங்க. நான் அந்த வீடியோக்களில் பந்தைப் பார்க்கறதை விட்டுட்டு, பந்து இல்லாத நாலு பேரைப் பார்க்கக் கத்துக்கிட்டேன். சிறந்த பாயின்ட் கார்ட் யார்னு அங்கேதான் தெரியும். போனஸ் தகவல்: ஐந்து ஒலிம்பிக், ஐந்து தங்கம்.

லிஸ்ட் முடிஞ்சது. ஆனா இந்த லிஸ்டை எழுத எழுத அமெரிக்கா ஞாபகம் வரலை, ஸ்ரீரங்கம்தான் ஞாபகம் வந்தது.

என் பாட்டி வீடு கீழச் சித்திரை வீதியில். நம்பெருமாள் புறப்பாடு என்றால் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தை நடையழகுக்குச் சொல்வாங்க. சிங்கம் மாதிரி ஒரு நடை, பாம்பு மாதிரி ஒரு நடை. அதைப் பார்க்கவே எங்கெங்கிருந்தோ வருவாங்க. சின்ன வயசில் பாட்டிகிட்ட கேட்டேன், "பாட்டி, சாமி எப்படி நடக்கறாரு?" பாட்டி சொன்னாங்க: "கீழ பாரு கண்ணு." கீழே பார்த்தா ஸ்ரீபாதம் தாங்கிகளோட கால். அத்தனை பேரும் ஒரே தாளத்தில் காலை எடுத்து வைக்க, தோள் சாய்ஞ்சு நிமிர, மேலே இருக்கறவர் நடக்கற மாதிரி ஆகுது. பல்லக்குக்குப் பேரே தோளுக்கினியான். நடையழகு என்று நாம கும்பிடறது அந்தத் தோளும் காலும் சேர்ந்து செய்யற வேலை. பெருமாளைப் பார்க்க வந்த கூட்டத்தில் எங்க பாட்டி மட்டும் கால்களையும் பார்ப்பாங்க. எந்தெந்தத் தாங்கி எந்த வீட்டுக்காரர்னு பேர் சொல்வாங்க. எங்க தெருவில் எண்ணறதுக்கு ஒரு ஆள் இருந்தாங்கன்னு இப்போ புரியுது.

நம்ம மாநிலத்திலும் இப்படிப் பேர் சொல்ல வேண்டியவங்க இருக்காங்க. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை கார்ட் இடத்தில் ஆடி, இந்திய அணிக்கே கேப்டனா இருந்தவர். 2021-ல் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. அன்னிக்கு எங்க டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கொண்டாட்டம். கிளாஸில் மத்தவங்க கேட்டாங்க, "யாரு அது?"

போன மாசம் பி.டி. சார் கூப்பிட்டார். "நீ போயிட்டா பாயின்ட் யாரும்மா? ரெண்டு பேரையும் பார்த்துட்டு நீயே சொல்லு" என்றார். இரண்டு பேர். ஒருத்தி மூணாம் வருஷம், எங்க டீமிலேயே நல்ல ஷூட்டர். பந்து கையில் ஒட்டிக்கிட்ட மாதிரி ட்ரிபிள் பண்ணுவா. கேட்கறவங்க எல்லாரும் அவ பேரைத்தான் சொல்றாங்க. இன்னொருத்தி இரண்டாம் வருஷம் ஈ.சி.ஈ. அதிகம் பேசமாட்டா, ஸ்கோர் ஷீட்டில் அவ வரி பெரும்பாலும் காலியா இருக்கும்.

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, பிராக்டிஸ் மேட்ச்சில் சைடு லைனில் உட்கார்ந்து எண்ணினேன். நாலு கட்டம் போட்டேன். அசிஸ்ட். ஷாட் மிஸ் ஆனாலும் பாஸ் சரியா இருந்ததா. பந்தை எதிரிக்கு விட்டது. நாலாவது கட்டம் அந்த அக்காவுக்காகப் போட்டது: ஒருத்தி மிஸ் பண்ணினப்புறம் அவளுக்கே மறுபடி பந்து போச்சா?

முதல் மூணு கட்டத்தில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாலாவதில் இருந்தது. ஷூட்டர் பொண்ணு, யாராவது மிஸ் பண்ணினா அடுத்த பந்தைத் தானே எடுத்துக்கறா. டீமைக் காப்பாத்தணும்னுதான், சுயநலம் இல்லை. ஈ.சி.ஈ. பொண்ணு மிஸ் பண்ணினவளைத் தேடிப் போய்க் கொடுக்கறா. அவ கோர்ட்டில் இருக்கறப்போ மத்த நாலு பேர் கால் நிக்கலை. அந்த ஷூட்டர் பொண்ணுக்கே அவ கொடுக்கறப்போதான் நல்ல ஷாட் நிறைய கிடைச்சிருக்கு. நோட்டில் இருக்கு.

சார்கிட்ட ஈ.சி.ஈ. பொண்ணு பேரைச் சொன்னேன். "அவ பாயின்டே போடமாட்டாளேம்மா?" என்றார். நோட்டை நீட்டினேன். ரொம்ப நேரம் புரட்டினார். "சரி, ஜோனல்ல இறக்கிப் பார்ப்போம்" என்றார்.

நோட்டில் இன்னும் எண்பது பக்கத்துக்கு மேல் காலியா இருக்கு. அதை பி.டி. சார் ரூம் பீரோவில், ஸ்கோர் ஷீட் கட்டுக்கு மேலேயே வைச்சிருக்கேன். முதல் பக்கத்தில் அக்கா பேரை எழுதி, அந்த நாலாவது பந்துக்கு ஒரு அசிஸ்ட் போட்டிருக்கேன். ஜோனல் மேட்ச்சுக்கு வர்றவங்க யாராவது சைடு லைனில் உட்கார்ந்து எண்ணிக் கொடுங்க. பாஸ்கெட்பால் தெரியணும்னு இல்லை. பந்து இல்லாதவங்களைப் பார்த்தா போதும்.